மூன்றாவது குவியல்

திருச்செங்கோட்டு போர் வண்டி. கணக்கு எழுதுவது நான்.
கம்பி ஒன்றுக்கு இருபது அடி.
ஒவ்வொரு கம்பி இறங்கி முடியும்போதும்
குழியிலிருந்து வந்ததில் ஒரு கை அள்ளி
வரப்பில் வைப்பேன். நோட்டில் ஒரு கோடு.
மானூருக்கு வடமேற்கே, சித்திரை வெயிலில்,
முப்பிடாதியம்மாளின் ஒன்றரை ஏக்கரில்
நேற்று நான் வைத்தவை முப்பத்தொன்று.

முதலாவது செவல்.
இரண்டாவதில் மஞ்சளும் வெள்ளையும்.
விரலில் தேய்த்தால் நாமக்கட்டி வழுவழுப்பு,
இடையிடையே காக்காப்பொன் மினுக்கம்.
அதுவும் பாறைதான்,
பாறையாக இருந்து களைத்துப்போன பாறை.
எத்தனை லட்சம் ஐப்பசி அதன் மேல் பெய்ததோ,
உக்கிவிட்டது. வரி மட்டும் அழியவில்லை.
கல் என்று எடுத்தால் கையில் மாவாகிறது.

மூன்றாவது ஈரம்.
புழுதி சட்டென்று அடங்கி
சேற்று வாடை வந்தது.
வேப்பமர நிழலில் இருந்த அம்மாள் எழுந்து நின்றாள்.
“தண்ணியா?”
“கசிவு” என்றேன்.
நோட்டில் கசிவுக்குக் கட்டம் கிடையாது.

எழுபதில் சத்தம் மாறியது. கெட்டி.
கேசிங் இறக்கினோம்.
இறக்காவிட்டால் உக்கல் சரிந்து
சுத்தியலைக் கவ்விக்கொள்ளும்.
நீலக் குழாய், ஏழு அங்குலம், எழுபது அடி.
ஈரம் முழுக்கக் குழாய்க்கு வெளியே நின்றது,
மொய்ப் பணத்தோடு வந்து
பந்தலுக்குள் கூப்பிடப்படாதவரைப் போல.

அதற்குப் பிறகு சாம்பல்.
ஐந்து, ஆறு, ஏழு, பன்னிரண்டு, ஒரே சாம்பல்,
நெருப்பையே பார்க்காத சாம்பல்.
உக்காத பாறையில் எதுவும் தங்காது.
எங்கோ ஒரு வெடிப்பு ஓடினால் உண்டு,
ஓடாவிட்டால் காசைக் கொட்டிக் கல்லை மாவாக்கலாம்.
படித்துத் தெரிந்துகொண்டதில்லை;
பதினொரு வருட நோட்டுகளின் கூட்டல்.

பதினேழாவது கம்பியில்
சுத்தியல் ஒரு சாண் தானாக விழுந்தது.
புழுதி நின்றுவிட்டது.
கீழே போன காற்று மேலே வரவில்லை.
லீவரைப் பிடித்தபடி சுக்ராம் என்னைப் பார்த்தான்.
இவ்வளவு காற்றும் எங்கே போகிறது?

முள்வேலிக்கு அந்தப் பக்கம் கூச்சல்.
உச்சிமாகாளி, அம்மாளின் கொழுந்தன்.
ஓர் அடி வரப்புக்காக இரண்டு பேருக்கும்
பதினான்கு வருடமாகக் கோர்ட்டு, பேச்சில்லை.
அவர் கிணறு கொதிக்கிறதாம்.
ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன்.
கிணற்றுக்குள் போட்ட போர் வழியே
முழங்கால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு
எங்கள் கம்ப்ரசர் மூச்சு விடுகிறது.
“ஏல, நிறுத்துல! என் தண்ணிய ஊதுதியளா?”

நிறுத்தவில்லை.
கொஞ்ச நேரத்தில் எங்கள் குழியும் கக்கியது,
ஒன்றேகால் அங்குலம், கலங்கலாக.
சுக்ராம் சிரித்தான். அம்மாள் சிரிக்கவில்லை.
“இன்னும் எறக்குங்க.
முழுசா எனக்குன்னு ஒரு தண்ணி வேணும்.”

அறுநூற்று இருபது வரை இறக்கினோம்.
அவளுக்கென்று தனியாக அங்கே எதுவும் இல்லை.

ரூபாயை அவள் எண்ணும்போது
சொல்லியிருக்கலாம்:
வெடிப்பு வெறும் வாய்க்கால், அம்மா.
குளம் மேலே இருக்கிறது, அந்த உக்கலில்,
உங்கள் செவலுக்கும் அவர் செவலுக்கும் அடியில்
சர்வே கல் எட்டாத ஆழத்தில்
ஒரே பஞ்சாகக் கிடக்கிறது.
அது குடித்த மழைதான் இரண்டு குழாயிலும் வரும்.
அது காய்ந்தால் ஆயிரம் அடியும் காயும்.
சொல்லவில்லை. அடிக்கு இவ்வளவு என்பது என் பிழைப்பு.

காலையில் வண்டி கிளம்பும்போது
உச்சிமாகாளி வேலியருகே வந்து நின்றார்.
முகத்தைக் கம்ப்ரசர் பக்கம் வைத்துக்கொண்டு கேட்டார்:
“மயினி, மோட்டார் எப்பம் போடுவிய?”
அவள் துண்டை உதறினாள். பதில் சொன்னாளா
என்று தெரியவில்லை, எங்கள் இன்ஜின் சத்தம்.

வரப்பில் குவியல்கள் எல்லாம் வெளுத்திருந்தன.
மூன்றாவது மட்டும் இன்னும் காயவில்லை.
அதற்குள் ஓர் எறும்புச் சாரை போய்வரத் தொடங்கியிருந்தது.
நோட்டைத் திறந்து, கட்டத்துக்கு வெளியே,
ஓரத்தில் எழுதினேன்:
கசிவு.